அஞ்சலோட்டம் கூட்டற் கணக்கா?

நமது பாடசாலைகளின் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளைக் கண்டவர் எவரும் ஒரு முரண்பாட்டைக் கவனியாதிருக்க முடியாது. அன்றைய நாளின் மிகப் பெரிய ஆரவாரம் எழுவது அஞ்சலோட்டத்தின் போதே. கூடாரங்களில் இருந்தோர் எழுந்து கயிற்றோரம் வந்துவிடுவர். கோல் கைமாறும் இடத்தில் தொண்டை கிழியக் கத்துவர். ஆயின், பரிசளிப்பு வேளையில் பிரதம விருந்தினர் கையால் மிகப் பெரிய கிண்ணத்தைப் பெறுபவர், தனியாக ஓடியும் தனியாகப் பாய்ந்தும் அதிக புள்ளிகளை ஈட்டிய ஒருவரே. தொண்டை ஒன்றைப் போற்றுகிறது. மேடை வேறொன்றைப் போற்றுகிறது. இவ்விரண்டினுள் தொண்டையின் தீர்ப்பே சரியானது என்பது இக்கட்டுரையின் துணிபு.

பாடசாலை மைதானத்துக்கு உண்மையானது நாட்டுக்கும் உண்மையாகவே இருக்கிறது. 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில் டங்கன் வைட் பெற்ற வெள்ளியையும், 2000இல் சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க பெற்ற பதக்கத்தையும் நாம் மறப்பதில்லை; மறக்கவும் கூடாது. ஆனால் 1974இல் தெஹ்ரான் நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில், நால்வர் சேர்ந்து நானூறு மீற்றராக ஓடும் அஞ்சலோட்டத்தில் இலங்கை தங்கப் பதக்கம் பெற்றதே, அந்நால்வரின் பெயர்களை நம்முள் எத்தனை பேர் சொல்ல வல்லர்? ஒருவரின் வெற்றி வரலாறாகிறது; நால்வரின் வெற்றி குறிப்பேட்டில் ஒரு வரியாகிறது.

இப்பொருள்பற்றி எழுத நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிடுதல் முறையாகும். அண்மையில் மாணவர் சிலர் கூடி, ஓர் இரவு முழுவதும் தொடரும் நெடுந்தூர அஞ்சலோட்டம் ஒன்றை நண்பர் குழுக்களாக நடத்தலாமென்று பேசினோம். பேச்சு பரவுமுன்னரே மறுப்புகள் பரவின. அஞ்சலோட்டமென்பது தனியோட்டங்களின் கூட்டுத்தொகையேயன்றி வேறில்லை, நெடுந்தூரத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பலர் ஓடுவதிற் பெருமை என்ன என்றார் ஒருவர். நண்பர் என்பதற்காக மெதுவாக ஓடுபவரையும் சேர்த்துக்கொள்வது விளையாட்டன்று, உல்லாசப் பயணம் என்றார் இன்னொருவர். இது செல்வம் மிகுந்த நாட்டார் பொழுதுபோக்கு, நமக்கேன் என்றார் மூன்றாமவர். மூன்று மறுப்புகளும் படித்தோர் வாயிலிருந்தே வந்தமையால் அவற்றுக்கு விடை கூறுவது கடனாகிறது.

முதலாவது மறுப்பு எண்கணிதத்தில் நிற்பது. ஆகவே அதனை எண்களைக் கொண்டே சோதிக்கலாம். நூறு மீற்றர் ஓட்டத்தில் உசெயின் போல்ட் 2009இல் பேர்லினில் நிலைநாட்டிய உலக சாதனை 9.58 செக்கன். நான்கு போல்ட்டுகள் ஒருவர் பின் ஒருவராக அதே வேகத்தில் ஓடினும் கூட்டுத்தொகை 38.32 செக்கன் ஆகும். 2012இல் இலண்டனில் யமெய்க்கா நாட்டு நால்வர் நானூறு மீற்றர் அஞ்சலோட்டத்தை ஓடி முடித்த நேரமோ 36.84 செக்கன். கூட்டற் கணக்கின்படி எவராலும் எட்ட முடியாத நேரத்தை, ஒருவரே உலக சாதனையாளராய் இருந்த நால்வர் எட்டினர். இதிலே மாயமெதுவும் இல்லை. முதல்வரைத் தவிர ஏனையோர் ஓடிக்கொண்டே கோலைப் பெறுகின்றனர். நின்ற நிலையிலிருந்து புறப்படும் நேரவிழப்பு அவர்க்கில்லை. பின்னால் வருபவன் கோலைச் சரியாகக் கையில் வைப்பான் என்னும் நம்பிக்கையில், திரும்பிப் பாராது கையைப் பின்னே நீட்டியபடி முன்னே பாய்கிறார்கள். அந்நம்பிக்கைக்குக் கிடைத்த கூலியே மேற்சொன்ன ஒன்றரைச் செக்கன்.

"அது குறுந்தூர ஓட்டத்திற்குப் பொருந்தும், முந்நூறு கிலோமீற்றரில் ஒன்றரைச் செக்கன் எம்மாத்திரம்?" என்று எதிர்வாதி கேட்பார். கேள்வி நியாயமானது. நெடுந்தூர அஞ்சலோட்டத்தின் சிறப்பு கோல் கைமாறும் கணத்தில் இல்லை; கைமாறாத நீண்ட வேளைகளில் இருக்கிறது. ஐக்கிய அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஹூட் மலையிலிருந்து பசுபிக் கடற்கரைவரை நடைபெறும் ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1982இல் எட்டு அணிகளோடு தொடங்கிய அது, இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட அணிகள் கலந்துகொள்ளும் பெருநிகழ்ச்சியாகியுள்ளது. மலையின் இடுப்பிலுள்ள விடுதியிலிருந்து கடற்கரை நகரான சீசைட் வரை ஏறத்தாழ 320 கிலோமீற்றர். அது 36 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. முழு அணியொன்றில் பன்னிருவர்; இரு வான்களில் அறுவர் அறுவராகச் செல்வர்; ஒவ்வொருவரும் மும்முறை ஓடுவர்.

இங்கே ஒரு சிறு கணக்கு. அணி முழுவதும் ஒரு பகலையும் ஓர் இரவையும் வழியிலே கழிக்கிறது. ஆனால் ஒருவர் ஓடுவது மொத்தமாக ஏறத்தாழ 27 கிலோமீற்றர். மூன்று மணித்தியாலம் அளவில் முடிந்துவிடும். எஞ்சிய நேரமெல்லாம் அவர் என்ன செய்கிறார்? வானை ஓட்டுகிறார், அடுத்த கைமாற்று நிலையத்தைத் தேடுகிறார், ஓடி வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்கிறார், இருக்கையிற் சாய்ந்து அரைமணி நேரம் கண்ணயர்கிறார், நள்ளிரவு தாண்டிய இரண்டு மணிக்குப் பனியில் நின்று, தூரத்து இருளில் அசையும் விளக்குகளுள் எது தம் தோழனுடையது என்று பார்த்து நிற்கிறார். தனியோட்டக்காரன் ஓடாதபோது விளையாட்டுக்கு வெளியே இருக்கிறான். அஞ்சலோட்டக்காரனோ ஓடாதபோதுதான் விளையாட்டின் நடுவே இருக்கிறான். தனியோட்டங்களைக் கூட்டி இதனைப் பெற முடியாது. ஏனெனில் கூட்டப்படும் எண்கள் எவற்றிலும் காத்திருத்தல் என்னும் இலக்கம் இல்லை.

நமது மொழி இதனை முன்னரே அறிந்திருந்தது போலும். நாம் வழங்கும் 'அஞ்சலோட்டம்' என்னும் சொல்லிலே இருப்பது தபால். யப்பானியர் தம் நெடுந்தூர அஞ்சலோட்டத்துக்கு வழங்கும் 'எக்கிதென்' என்னும் சொல்லும், வழித்தங்கல் நிலையத்தையும் அங்கிருந்து கடத்தும் செயலையும் குறிக்கும் இரு எழுத்துகளால் ஆயது. அதுவும் பழைய தபால் ஒழுங்கிலிருந்து வந்ததே. தபாலில் முதன்மையானது கடிதம், ஓடுபவன் அன்று. கொழும்புக்கும் கண்டிக்குமிடையே 1832இல் குதிரைவண்டித் தபாற்சேவை தொடங்குமுன்னர், தபாற்பையைச் சுமந்து ஓடியவர்களின் பெயர்களை எவரும் குறித்துவைக்கவில்லை. எனினும் பை சேரவேண்டிய இடத்தைச் சேர்ந்தது. தன்னைவிடப் பெரிதான ஒன்றைச் சிறிது தூரம் சுமந்து பிறர் கையிற் கொடுப்பது தாழ்ந்த தொழில் என்போர், கல்வி என்பதும் அத்தகைய தொழிலே என்பதை மறந்தவராவர்.

இனி இரண்டாவது மறுப்பு. மெதுவாக ஓடுபவர் அணியில் இருக்கலாமா? இதற்கு விடைகாணப் பின்லாந்துக்குச் செல்வோம். அங்கே 1949 முதல் 'யூக்கொலா' என்னும் இரவு அஞ்சலோட்டம் ஆண்டுதோறும் நடைபெற்று வருகிறது. யூன் மாதத்துச் சனிக்கிழமை இரவு பதினொரு மணியளவில், நெற்றியில் விளக்கும் கையில் வரைபடமும் திசையறி கருவியும் கொண்டு, ஓர் அணிக்கு எழுவராக ஓடத் தொடங்குகின்றனர். பாதையில் அன்று, காட்டினுள். குறிக்கப்பட்ட இடங்களைத் தாமே தேடிக் கண்டு திரும்பிவந்து அடுத்தவரை அனுப்பவேண்டும். உலகின் மிகச் சிறந்த காட்டோட்ட வீரர்களும், ஒரே தொழிலகத்தில் வேலை செய்யும் ஏழு நண்பர்களும் ஒரே வேளையில் ஒரே காட்டுக்குள் நுழைகின்றனர். முன்னணியினர் காலையிலே முடித்துவிடுவர். மற்றவர் வெயிலேறும்வரை வந்துகொண்டேயிருப்பர். வரைபடத்தைத் தவறாகப் படித்த வேகமான ஓட்டக்காரன் தவறான திசையிலே வேகமாகப் போகிறான். பொறுமையோடு வழிகாணும் மெதுவானவன் அவனுக்கு முன்னரே வந்துசேர்தலும் உண்டு. வேகம் ஒன்றே வலிமை என்ற எண்ணத்தை இருட்டு இவ்வாறு திருத்துகிறது.

யூக்கொலா என்னும் பெயரின் வரலாறு நம் பல்கலைக்கழகத்தார் கேட்கத்தக்கது. 1870இல் அலெக்சிஸ் கிவி எழுதிய 'ஏழு சகோதரர்' என்னும் நாவலில் அச்சகோதரர்களின் வீட்டுப் பெயர் அது. எழுத்துக் கற்க மாட்டாமல், தண்டனைக்கும் ஏளனத்துக்கும் ஆளாகிக் காட்டுக்கு ஓடிய எழுவர், ஆண்டுகள் பல கழித்துத் திரும்பிவந்து எழுத்தறிவு பெறுவது அதன் கதை. ஊரார் பார்வையில் அவ்வெழுவரும் தேறாதவர்கள். நாவலாசிரியரும் அவ்வாறே கணிக்கப்பட்டார்; அந்நாவலை மிகக் கடுமையாகத் தாக்கியவர் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அகுஸ்ட் ஆல்க்குவிஸ்ட். கிவி 1872இல் வறுமையிலும் நோயிலும் இறந்தார். இன்று பின்லாந்து மக்கள் ஆண்டுதோறும் காட்டினுள் ஓடுவது அத்தேறாத எழுவரின் வீட்டுப் பெயரால், பேராசிரியரின் பெயராலன்று. தேறியோரை மட்டும் தெரிந்தெடுத்து எஞ்சியோரைத் தள்ளும் பழக்கத்தில் ஊறிய நமக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை.

நண்பர் குழுவில் மெதுவானவர் இருப்பது இரக்கத்தினாலன்று என்பதையும் அழுத்திக் கூறவேண்டும். அவருக்கு ஒரு கட்டம் உண்டு. அக்கட்டத்தை அவரையன்றி எவரும் ஓட முடியாது. அவர் ஓடும் வேளையில் அணியின் முழு விதியும் அவர் கால்களில் நிற்கிறது. பதினொரு பேர் அவருக்காகக் காத்திருக்கின்றனர். தன் வாழ்நாளில் எந்த மைதானத்திலும் எவரும் தனக்காகக் காத்திருந்து காணாத ஒருவருக்கு இது எத்தகைய அனுபவம் என்பதை, முதற்பரிசே பெற்றுப் பழகியவர் எளிதில் உணரார்.

ஆயினும் அஞ்சலோட்டத்தைப் போற்றுவோர் எல்லாரோடும் நான் உடன்படவில்லை. 'அணிக்காக உயிரையும் கொடு' என்று பேசுவோர் ஒரு சாரார் உளர். கூட்டற் கணக்குக்காரரைவிட இவர்களே அஞ்சலோட்டத்துக்கு அதிக தீங்கு செய்பவர். இதற்கு யப்பானின் வரலாறே சான்று. 1917 ஏப்பிரலில், தலைநகர் தோக்கியோவுக்கு மாறி ஐம்பதாண்டு ஆனதையொட்டி, செய்தித்தாள் ஒன்றின் ஏற்பாட்டில், கியோத்தோவிலிருந்து தோக்கியோவரை ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழியை 23 கட்டங்களாகப் பகுத்து இரவும் பகலுமாக இரு அணிகள் ஓடின. கிழக்கத்திய அணியின் கடைசிக் கட்டத்தை ஓடியவர் கனகுரி சிசோ. இவர் 1912இல் ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக் மரதன் ஓட்டத்தில் வெப்பந்தாங்காது வழியிற் சோர்ந்து, வழியோரக் குடும்பமொன்றின் வீட்டில் அடைக்கலம் பெற்றவர். ஒருவரை மட்டும் நம்பியிருத்தல் பயன்றராது, நெடுந்தூர ஓட்டக்காரர் பலரை ஒருங்கே உருவாக்கவேண்டும் என்பது அவர் கொண்ட கருத்து. அக்கருத்தே 1920இல் ஹக்கொனே அஞ்சலோட்டமாக மலர்ந்தது. நான்கு கல்விநிறுவனங்களின் மாணவர் காலை வகுப்புகளை முடித்துக்கொண்டு பிற்பகல் ஒரு மணிக்கு ஓடத் தொடங்கினர். மலையேறும் கட்டத்தை அடைகையில் இருள் சூழ்ந்துவிட, ஊர் இளைஞர்கள் தீப்பந்தம் ஏந்தி வழிகாட்டினர். வகுப்பை விட்டு ஓடாத மாணவரும் வழிகாட்டிய ஊராரும் சேர்ந்த அவ்விரவைவிட அழகான தொடக்கம் எந்த விளையாட்டுக்கு வாய்த்தது?

அதன் பின்னர் நிகழ்ந்தது வேறு. 1987 முதல் தொலைக்காட்சி அதனை நேரடியாக ஒளிபரப்பி வருகிறது. சனவரி 2ஆம் 3ஆம் நாள்களில் ஏறத்தாழ 217 கிலோமீற்றரைப் பத்து மாணவர் ஓடுவதை நாடே பார்க்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் மாணவன் மார்பில் விளம்பரமாகிறது. அவன் தோளிற் குறுக்கே அணிந்து செல்லும் நாடாவை அடுத்தவனிடம் சேர்ப்பதே மானம் எனப்படுகிறது. குறித்த நேரத்துக்குமேற் பின்தங்கினால், அடுத்தவன் அந்நாடாவுக்குக் காத்திராது வேறொரு நாடாவோடு அனுப்பப்படுகிறான். மூச்சிரைக்க வந்துசேர்பவன் வெறுமையான இடத்தைக் காண்கிறான். அந்த அச்சத்தில் உடைந்த காலோடும் ஓடினோர் உளர். 1996ஆம் ஆண்டில் இரு அணிகள் நான்காவது கட்டத்திலேயே போட்டியை விட்டன; அவற்றுள் ஒன்று முந்திய ஈராண்டும் வெற்றி பெற்ற அணி. நொண்டி நொண்டி நடந்த ஓட்டக்காரனைப் பயிற்றுநர் அணைத்து நிறுத்தவேண்டியதாயிற்று. தொட்டால் அணி விலக்கப்படும் என்பது விதி. தொட்ட அக்கைதான் அன்று ஓடிய கால்கள் எல்லாவற்றிலும் உயர்ந்தது என்பேன்.

நண்பர் குழுவுக்கும் நிறுவன அணிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் வெளிப்படுகிறது. நண்பர் குழுவில், 'நில், நீ ஓடியது போதும், நான் ஓடுகிறேன்' என்று சொல்லும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. அவ்வுரிமை இல்லாத அணியில் நாடா விலங்காகிவிடும். ஓடச் சொல்வது எளிது. நிற்கச் சொல்ல நட்பு வேண்டும்.

மூன்றாவது மறுப்பில் உண்மை பாதி உண்டு. அமெரிக்காவில் இவ்வோட்டங்கள் வணிகமாகிவிட்டமையை எவரும் மறுக்க முடியாது. நுழைவுக் கட்டணம், வான் வாடகை, அனுசரணையாளர் பெயர் பொறித்த சட்டை என்று செலவு ஏறிக்கொண்டே போகிறது. பணமில்லாதவரின் நட்பு நட்பில்லையோ என்று கேட்கத் தோன்றும். ஆனால் வணிகர் கைப்பட்டதனால் ஒரு பொருள் இழிந்ததாகிவிடின், இசையையும் நூலையும் கல்வியையுமே நாம் கைவிடவேண்டியிருக்கும். அஞ்சலோட்டத்துக்கு இன்றியமையாதவை பன்னிரண்டு பேர், ஒரு கோல், சில கைவிளக்குகள், தேநீர்ப் பானை ஒன்று. வளாகத்தைச் சுற்றிய பாதையையே மீண்டும் மீண்டும் ஓடினால் வானுக்கும் தேவையில்லை. பெருந்தெருவின் பாரவண்டிகளுக்கு அஞ்சவும் வேண்டியதில்லை.

இம்மூன்றையும்விட ஆழமான நான்காவது மறுப்பொன்று உண்டு. அதனை எவரும் வாய்விட்டுக் கூறவில்லை. எனினும் எல்லார் மனத்திலும் இருந்தது. இரவிலா? என்பதே அது. இக்கேள்வியை நான் எள்ளி நகையாடமாட்டேன். வடக்கிலும் கிழக்கிலும் 2009வரை நீண்ட போர்க்காலத்தில் இரவு நம்மவருக்குச் சொந்தமாய் இருந்ததில்லை. ஊரடங்குச் சட்டமும் நாய் குரைத்தவுடன் அணைக்கப்பட்ட விளக்கும் நம் பெற்றோரின் இரவுகள். அக்காலத்தில் இருட்டில் ஓடியவர் விளையாட ஓடவில்லை. அவ்வச்சத்தைத் தாய்மார் இன்னும் சுமக்கின்றனர். மாலையானதும் 'எங்கே நிற்கிறாய், பிள்ளை?' என்று வரும் தொலைபேசி அழைப்பில் அது பேசுகிறது. பெண் மாணவர்க்கு இரவு இன்னும் திறக்கப்படவில்லை. விடுதிக் கதவு அடைபடும் நேரமே அவர்களின் நாளின் எல்லை. இதிலே நாம் மட்டும் பின்தங்கியவர் என்றும் நாணவேண்டியதில்லை. ஹக்கொனேயில் ஓடுவோர் இன்றும் ஆண்களே. பின்லாந்தில் பெண்களுக்கென நால்வர் ஓட்டம் 1978இலேதான் தொடங்கிற்று. அதுவும் இரவிலன்றிச் சனிக்கிழமைப் பிற்பகலில்.

ஆனால் அச்சத்துக்குக் காரணம் உண்டு என்பது, அச்சத்தை என்றென்றும் காத்துவைப்பதற்குக் காரணமாகாது. இரவைத் தனியொருவராக மீட்க முடியாது. தனியாகச் செல்பவருக்கே இருட்டு பகையாகிறது. வழிநெடுக விளக்கோடு நிற்கும் தோழர்களும், ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் பெயர் சொல்லி அழைக்கும் குரலும் இருக்குமாயின், அதே இருட்டு ஊர்கூடும் திருவிழாவின் இரவாக மாறும். கோயில் வீதியிலே விடியவிடியக் கூத்துப் பார்த்த சமூகத்துக்கு, கூட்டமாய் விழித்திருத்தல் புதியதொன்றன்று. இழந்த பழக்கத்தையே மீளக் கேட்கிறோம்.

ஆகவே இப்பேச்சைக் கைவிட்ட நண்பர்க்கும், கைவிடச் செய்த பெரியோர்க்கும் என் வேண்டுகோள் இது. அடுத்த ஆண்டின் மெய்வல்லுநர் போட்டிக்கு முந்திய இரவில், வளாகத்துக்குள்ளேயே இவ்வோட்டத்தை வைத்துப் பாருங்கள். அணிக்குப் பன்னிருவர், எல்லாப் பீடத்தாரும் எல்லா ஆண்டினரும் கலந்திருக்கட்டும், ஆறு பேராவது பெண்களாயிருக்கட்டும், விரிவுரையாளர் ஒருவரும் ஒரு கட்டத்தையாவது ஓடட்டும். ஒவ்வொருவருக்கும் நள்ளிரவுக்குப் பிந்திய கட்டமொன்று கட்டாயம் கிடைக்கட்டும். இயலாதவரை நிறுத்தும் உரிமை அணித்தோழர் யாவருக்கும் இருக்கட்டும்; அதனால் அணி விலக்கப்படாதிருக்கட்டும். விடிந்தபின் கிண்ணம் ஒன்று கொடுப்பதாயின், அதிற் பன்னிரண்டு பெயர்களையும் பொறியுங்கள். எழுத்துச் சிறிதாகும் என்று பொற்கொல்லர் சொல்லக்கூடும். அவ்வாறாயின் சற்றுப் பெரிய கிண்ணமாக வாங்குவோம்.